அயனம்பாக்கத்தில் ஆம்பிளையே இல்லை

அயனம்பாக்கம்,
1944, தை மாதம்

சிரஞ்சீவி பரந்தாமனுக்கு, உன் அப்பா போன நாள் முதல் உனக்கும் உன் தம்பி சம்பத்துக்கும் தகப்பனாகவும், இந்த ஊருக்கு யாரும் முடிசூட்டாத சக்கரவர்த்தியாகவும் இருக்கிற சித்தப்பா லோகநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் சம்பத்தும் கறவை மாடும் சுகம். எங்கேயோ மலைப்பாதையில் பட்டாளத்து லாரி ஓட்டுகிற நீ சுகமா என்று மாடு உட்பட எல்லாரும் கேட்கிறார்கள். இப்போது யாரும் நம்பாத ஒரு கதையைச் சத்தியமாகச் சொல்லப் போகிறேன். கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற தணிக்கை துரையும் சிரித்துவிட்டு ஒட்டி அனுப்பட்டும்.

ஆவடியில் பட்டாளத்துக்குக் கட்டடம் கட்டுகிறார்கள் அல்லவா, அங்கே பறக்கிற சிமெண்டைத் தின்று நம் ஊர்க் காக்காய்கள் கல்லாகவே முட்டையிடுகின்றன. ஒரு ஆகாய விமானத்தின் இறக்கைக்கு ஆகிற செலவில் நம் ஏரியைக் கரையோடும் கெளுத்தி மீனோடும் வாங்கி, மீதியில் திருவேற்காட்டு அம்மனுக்குத் தங்கக் குடை பிடிக்கலாம். சண்டை ஏன் வருகிறது என்று சீமையில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களாம், என்னைக் கேட்டால் வெற்றிலை மடிக்கிற நேரத்தில் சொல்லியிருப்பேன். பிள்ளைகள் பெருத்தவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் நிலம் கண்ணை உறுத்துகிறது, பீரங்கி செய்கிறான். அத்தனை செலவு செய்து வளர்த்த பீரங்கி கொட்டகையில் சும்மா நிற்குமா, எங்கேயாவது அவிழ்த்துவிட்டாக வேண்டும். அதன் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும், ஆள் மலிவாகக் கிடைப்பது கஞ்சி தண்ணியாகிப் போன வீட்டில். இது மட்டும்தான் என் சாஸ்திரம்.

போன மாசம் காக்கி நிஜார் போட்ட ஒருவன் வந்து வீடு வீடாக, "ஊட்ல ஆம்பள எத்தினி பேரு, வயசு இன்னா?" என்று கேட்டான். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. மீசை முளைத்தவன் எல்லாம் ஏரிக்குள் குதித்து, மூக்கை மட்டும் அல்லி இலைக்கு மேலே நீட்டிக்கொண்டு கிடந்தான். ஏரித் தண்ணீர், உபரி நீர் போகிற கலங்கல் வழியே வழிந்து மேனாம்பேடு வரை வெள்ளம். பக்கத்து வீட்டுத் துலுக்கானம் தன் மூன்று பிள்ளைகளுக்கும் புடவை கட்டிவிட்டான். நான் காக்கி நிஜாரிடம், "மூணு தலமொறயா இந்த ஊர்ல பொட்டப் புள்ளதாங்க பொறக்குது, நானே இன்னா தப்பாலயோ பொறந்துட்டேன்" என்றேன். அவனும் எழுதிக்கொண்டு போனான்.

அப்புறம்தான் தெரிந்தது, அவன் ரேஷன் அரிசிக்குத் தலை எண்ண வந்தவன். பெண்களுக்கு மட்டும் அரிசி வந்தது. திரும்ப எண்ணச் சொல்லி அழுதுகொண்டு, ஆண்களை எல்லாம் ஏரிக்கரையில் வரிசையாக நிறுத்தினோம். அன்றைக்கென்று அசல் ஆள்பிடிக்கிறவனே வந்து சேர்ந்தான். தயாராக வரிசை கட்டி நிற்கிற ஊரை அவன் ஜன்மத்தில் பார்த்ததில்லை. கரை ஒரு நொடியில் காலி. சம்பத் மட்டும் நகரவில்லை, பேரைக் கொடுத்துவிட்டான்.

அம்மா மண்ணில் உட்கார்ந்து, "ஒருத்தனக் குடுத்துட்டு நான் படறது போதாதாடா நைனா?" என்று அழுதாள். அவன், "அண்ணன் மூணு வேள சோறு துன்னுது, வாரம் ரெண்டு தபா கறியாம், சண்டைய கண்ணாலயே பாக்கலன்னு எழுதிகினு கீது. நான் மட்டும் இங்க கஞ்சிய ஊதிக் குடிச்சிகினு கெடக்கணுமா?" என்றான். உன் கடிதங்களை அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டினவன் நான்தான்.

அடுத்த மாசக் கடைசியில் ஆவடியில் பட்டாளத்து டாக்டர் அவன் உடம்பைச் சோதித்துப் பார்க்கிறாராம். அதற்குள் அவனுக்கு நீ எழுது. ஊர் பேர், பட்டாளத்துப் பேர் எழுதினால் கத்தரிப்பார்கள். நீ பயந்த ராத்திரியை எழுதினால் எந்தத் துரை கத்தரிக்கப் போகிறான்? அம்மா மனசு நோகக் கூடாதென்று நீ விடுகிற கதைகள் எனக்குத் தெரியும் கண்ணு, நம் ரத்தம் அப்படி.

நீ முழுசாக வீடு வந்து சேர அம்மன் துணை இருப்பாள். குளிரில் மார்பை மூடிக்கொள். இந்தக் காகிதத்தில் காக்காய், ஏரி, புடவை எல்லாம் நான் விட்ட சரடு. சம்பத் பேர் கொடுத்தது மட்டும் நிஜம்.

உன் சித்தப்பா,
லோகநாதன்