தோணிக்காரன் கதை எந்த வகுப்புக்கு?

1996 நவம்பர் 4

கடையில் மந்தம். இரும்புச் சாமான் வாங்க ஆர் வருவான் இந்த நாட்களில்.

தை மாதம் மூத்தவள் கமலினியின் ஆண்டுத் திவசம். நினைவுமலர், கல்வெட்டு ஏதும் அடிக்கிறீங்களோ என்று சொந்தக்காரர் கேட்கினம். படமும் நாலு வெண்பாவும் அச்சடித்துக் கொடுத்தால் ஆர் வாசிப்பான்? அவள் படித்த பள்ளிக்கூடத்துக்கு நல்ல பழைய நாவல்கள் கொடுக்கப்போகிறேன், ஆறாம் வகுப்பிலிருந்து பதினொன்று வரை. ஜெகதீஸ்வரியிடம் சொன்னேன். கொழும்பு கோட்டையில் குண்டு வெடித்து மகள் போன நாளிலிருந்து மனுசி என்னோடு கதைப்பது, தேத்தண்ணி வேணுமோ, அவ்வளவுதான்.

நவம்பர் 9

புத்தகங்களையும் தகடு வாங்குகிற மாதிரித்தான் வாங்கினேன். மெல்லிசானது சின்ன வகுப்புக்கு, மொத்தமானது பெரிய வகுப்புக்கு. நூலகத்துக்குப் பொறுப்பான நவரத்தினம் ரீச்சர் பார்த்துவிட்டுச் சிரித்தா.

“ஐயா, இந்த மெல்லிசிலதான் ஒருத்தன் பெண்சாதியை வெட்டிப்போட்டுத் தூக்கில தொங்கிறான். ஆறாம் வகுப்புக்கோ? இந்த மொத்தப் புத்தகத்தில கிளியும் குரங்கும் கப்பலேறிப் போகுது. முதல் வாசியுங்கோ, பிறகு கொண்டுவாங்கோ.”

நவம்பர் 10

ஐந்தாம் வகுப்போடு விட்ட வாசிப்பு. கண்ணாடி மாற்றவேணும்.

நவம்பர் 28

சாவு வருகிறதையெல்லாம் ஒதுக்கினேன். மிஞ்சியது இரண்டே இரண்டு, அதுவும் உப்பில்லாத கஞ்சி. ரீச்சர் சொன்னா: “பெரிய நாவல் எண்டால் ஆராவது சாகத்தான் வேணும். இந்தப் பிள்ளையளுக்குச் சாவு தெரியாதெண்டு நினைக்கிறீங்களோ?”

ஒதுக்கினதையும் திரும்பச் சேர்த்துப் பெட்டியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் செக்பொயின்ற். ஆமிக்காரன் பெட்டியைத் திறந்தான். “கதா பொத், மாத்தயா” என்றேன். கதைப் புத்தகம் என்று நம்பாமல் ஒவ்வொன்றாகத் தலைகீழாய் உதறினான். ஒன்றும் விழவில்லை. பயம்கூட வரவில்லை எனக்கு. ஏன்?

1997 ஜனவரி 12

சின்னவள் தர்சினி குசினி வாசலில் இருந்து ஒரு புத்தகத்தை உரத்து வாசிக்கிறாள். ஒரு தோணிக்காரன், வெள்ளத்தில் போன மகளைத் தேடித் துறை துறையாய் அலைகிறான். ஏழாம் வகுப்புக்கோ பத்தாம் வகுப்புக்கோ என்று நான் முடிவெடுக்காமல் வைத்திருந்தது.

ஜெகதீஸ்வரி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

“கிடைச்சாளோ?”

“அதுக்கு இன்னும் வரேல்லை, அம்மா.”

“அப்ப வாசியன்.”

கூடத்தில் நின்று கேட்டேன். எனக்குக் கடைசி அத்தியாயம் தெரியும்.

ஜனவரி 20

திவசம் முடிந்தது. ஐயர் போனபிறகு பெட்டிகளைப் பள்ளிக்கூடத்தில் ஒப்படைத்தேன். தோணிக்காரனையும் அடியில் வைத்துக் கட்டியிருந்தேன். தாயும் மகளும் கதையின் முடிவுக்கு வராமல் இருப்பது நல்லது. அந்தப் பிள்ளை கிடைக்கிறதில்லை.

ஜனவரி 21

“அந்தப் புத்தகம் எங்க?” தேத்தண்ணி வைக்காமலே மனுசி கேட்டாள்.

“பெட்டியோட போயிட்டுது.”

“போய் எடுத்துக்கொண்டு வாங்கோ.”

“திவசத்துக்குக் குடுத்ததை எப்பிடியப்பா திருப்பிக் கேக்கிறது? சனம் என்ன சொல்லும்?”

“சனத்தையோ பாக்கிறியள்?”

போனேன். ரீச்சர் என் முகத்தையே பார்த்தா. “தானம் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற ஆளை இப்பதான் பாக்கிறன், ஐயா.” பிறகு பெட்டியை அவிழ்த்தா.

ஜனவரி 30

முடித்துவிட்டார்கள். தர்சினி அழுதாள். மனுசி அழவில்லை.

“கிடைக்காளெண்டு உங்களுக்கு முதலே தெரியும், என்ன?”

“ஓம்.”

“அதுதான் ஒளிச்சனீங்கள்.”

அவள் புத்தகத்தை மூடி, ஈரக் கையைச் சேலையில் துடைத்து, அட்டையையும் துடைத்தாள். “ஏழாம் வகுப்புக்கே குடுங்கோ. அதுகளுக்கு விளங்கும்.”

பெப்ரவரி 3

புத்தகம் கொடுக்கப் போனேன். ஜெகதீஸ்வரியும் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். கடைக்குக்கூட வெளிக்கிடாத மனுசி. ரீச்சர் ஏழாம் வகுப்புத் தட்டில் வைத்தா.

“எங்கட மூத்தவள் ஏழாம் வகுப்பில எந்த அறையில இருந்தவள்?” என்று மனுசி கேட்டாள்.

ரீச்சர் கூட்டிக்கொண்டு போனா. நான் விறாந்தையில் நின்றேன். கொஞ்ச நேரத்தில், நீங்களும் வாங்கோ என்று உள்ளிருந்து கூப்பிட்டாள்.