கடைசிச் சீவல்கள்

இன்று காலை மெழுகு உருகும் வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. செம்பூரில் நம் லேபில், சோதனைக்கு வரும் சதையைப் பதித்துவைக்கத் தினமும் மெழுகு உருகத்தான் செய்கிறது. ஆனால் இன்று வந்திருந்தது, யாருடைய கழுத்துக் கட்டியிலிருந்தோ ஊசியால் எடுத்த நூல் போன்ற சதை. உன்னுடையதும் அப்படித்தான் இருந்தது.

தாராவியில் கழுத்தில் கட்டி என்றால் முதலில் டிபி என்றுதான் நினைப்பார்கள். உன் தெரு டாக்டரும் அப்படியே மாத்திரை எழுதினார். நாள் முழுக்க நோய்ச் சதையைச் சீவுகிற நீயும் நம்பி விழுங்கினாய். கட்டி கரையவில்லை. ஊசி குத்திப் பார்த்தபோது பி செல் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்.

அதிலும் இரண்டு வகை உண்டு. மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒரே முகம். நிணநீர்க் கணுவுக்குள் நோயை எதிர்க்க இன்னும் பயிற்சியில் இருக்கும் செல் கெட்டு வருவது ஒன்று. பயிற்சி முடித்துக் கிளம்பும் செல் கெட்டு வருவது மற்றொன்று. சாயப் பரிசோதனையில் தெளிவு கிடைக்கவில்லை. எந்தச் செல்லில் பிறந்தது என்பதை மரபணு மாற்றங்கள்தான் காட்டும், அதைப் பார்த்துத்தான் இன்னொரு மருந்தைச் சேர்ப்பதா என்று முடிவு செய்வேன் என்றார் புற்றுநோய் மருத்துவர்.

"பம்பாய்லயே பொறந்தாலும் நம்மள எந்த ஊருன்னு கேக்காம விட மாட்டாங்கள்லா, அதே கததான்" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் சதையைப் பதித்த மெழுகுக் கட்டியில், மரபணுச் சோதனைக்குக் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. சீவும் கருவியில் பொருத்திப் பிளேடுக்கு நேராக்கும்போதே சில சீவல்கள் வீணாகும். கோணம் பிசகினால் எல்லாமே போய்விடும். கழுத்துக் கட்டி மூச்சுக்குழாயை நெருக்கிக்கொண்டிருந்ததால் மறுநாளே கீமோ. அதை ஆரம்பித்துவிட்டால் பிறகு எடுக்கிற சதையை நம்ப முடியாது.

நான் சீவுகிறேன் என்றேன். "ஒனக்குக் கை நடுங்கும். என் சதைய நானே சீவிக்கிடுதேன், எந்திரிட்டி."

கழுத்தில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்து, மூச்சை அடக்கிக் கருவியின் சக்கரத்தைச் சுற்றினாய். மெழுகு ரிப்பனாக இறங்கியது. நடுவில் உனக்கு இருமல் வந்தது. கையை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாய். நீ தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சக்கரத்தைப் பிடித்தாய். சீவல்கள் சோதனைக் குழாய்க்குள் போனபோது மெழுகுக் கட்டியில் சதை தீர்ந்து வெறும் மெழுகுதான் இருந்தது.

முடிவு வந்தது, இரண்டாம் வகை. மருந்தைச் சேர்த்தார்கள். அந்த மழைக்காலம் முழுக்கக் கட்டி தெரியவில்லை, நீ வேலைக்குக்கூட வந்தாய். பிறகு மூளையில் முளைத்தது. அந்த வகை அப்படியும் செய்யும் என்று நம் இருவருக்கும் தெரியும். நாம் அதைப் பேசிக்கொள்ளவே இல்லை.

நீ போன பிறகு உன் அண்ணன், தையல் பட்டறையிலிருந்து நேராக, நூல் ஒட்டிய சட்டையோடு லேபுக்கு வந்தார். "தங்கச்சியோடது எதாச்சும் இங்க இருக்காம்மா?" என்று கேட்டார். முதல் பரிசோதனையில் உன் சதைச் சீவலை ஒட்டிச் சாயமேற்றிய கண்ணாடித் துண்டு இருந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன். நெருக்கியடித்துக்கொண்டு ஊதா நிறச் செல்கள். அவர் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"அண்ணா, இது அவ இல்ல. அவளக் கொன்ன நோய்" என்றேன்.

"அதுவும் அவ ஒடம்புல பொறந்ததுதானம்மா" என்றார்.

அந்த நோய்மேல் எனக்கு ஆத்திரம் இன்னும் தீரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தச் செல்களை முழுமனதாக வெறுக்க முடியவில்லை. உன் உடம்பில் உயிரோடிருந்தவற்றில் என் கையில் இருப்பது அவை மட்டும்தான்.