நீலச் சட்டையில் ரோஜா வாசனை

என்னங்க,

சாப்பாட்டு டப்பாவுல கடுதாசியான்னு முழிக்காதீங்க. நேர்ல கேட்டா மழுப்புவீங்க.

நேத்து நீங்க செருப்பைக் கழட்டும்போதே உங்க நீலச் சட்டையில ரோஜா செண்ட் வாசனை தூக்குச்சு. கேட்டதுக்கு மோந்து பார்த்துட்டு, "ஒண்ணும் இல்லையே"ன்னீங்க. நீங்க பொய் சொல்லலைன்னு முகத்துலயே தெரிஞ்சுது. அதான் எனக்கு வயித்தெரிச்சல்.

உங்க ஆய்வகத்துக்கு வாசனை ஆகாதுன்னு எட்டு வருஷமா நான் பவுடர்கூடப் போடல. அங்க புதுசா சேர்ந்த டாக்டரம்மாவுக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது போல.

மூக்கு நரம்பு செல்லைப் பத்தி எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். வாசனை பட்டா செல்லுக்குள்ள கால்சியம் ஏறும். அதே வாசனை விடாம இருந்தா அந்தக் கால்சியமே செல்லை அடக்கிடும். அதை வெளியே தள்ளினாத்தான் மறுபடி வாசனை தெரியும்.

அப்ப எவ்வளவு நேரம் அவங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தா உங்களுக்கு அது தெரியாமப் போயிருக்கும்?

இன்னைக்கு அதே செண்டை வாங்கிப் பூசிக்கிட்டு வாசல்ல நிப்பேன். வாசனை தெரிஞ்சா உள்ளே வந்து காபி குடிங்க. தெரியலைன்னா, நீலச் சட்டையை நீங்களே துவைச்சுக்குங்க.

பவுடர் போடாத
உங்க வீட்டுக்காரி