தனியாகப் போகக் கூடாது

அன்புள்ள அத்தானுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதலில் உங்கள் கண்ணாடியைத் துடைத்து வைத்தேன். யாரென்று தெரியாத அவர்கள் உங்களை இழுத்து வான் வண்டிக்குள் ஏற்றியபோது அது நம் வாசலிலேயே விழுந்துவிட்டது. அது இல்லாமல் நீங்கள் பேப்பர்கூட வாசிக்கமாட்டீர்களே.

பிறகு வகுப்பு எடுக்கப் போனேன். மருத்துவ மாணவர்களும் தாதி மாணவிகளும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு குடும்பத்துக்கு மரணச் செய்தியைச் சொல்லப் பழகும் வகுப்பு. என் வகுப்பின் விதி உங்களுக்குத் தெரியும்: ஒருவரும் தனியாகப் போகக் கூடாது. ஸாலிஹ் என்ற மருத்துவ மாணவன் அடம்பிடித்தான்.

“நான் போய்ச் செல்லிட்டு வாறன் மிஸ். இவங்களுக்கு அதில என்ன வேல?”

“சொல்லிப்போட்டு நீங்க ஓடிருவீங்க, டொக்டர் ஐயா,” என்றாள் தாதி மாணவி கொன்ஸ்ரன்ஸ். “அழுகிறவவோட இருக்கப்போறது நாங்கதானே.”

எல்லோரும் சிரித்தார்கள். இறந்தவரின் மனைவியாக நடிப்பது என் வேலை. ஸாலிஹ் மெதுவாகச் செய்தியைச் சொன்னான். கொன்ஸ்ரன்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள். வகுப்பு முடிந்த பிறகும் நான் அவளுடைய கையை விடவில்லை. மிஸ் நன்றாக நடிக்கிறா என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்.

முந்தாநாள் பொலிஸார் வந்தார்கள். ஹெந்தளைக் கடற்கரையில் ஒதுங்கிய ஒருவரைப் பிரேத அறைக்கு வந்து பார்க்கச் சொன்னார்கள். உங்கள் உயரம்தானாம். நான் போகவில்லை. பார்க்காதவரை உங்களுக்குக் கடிதம் எழுதலாம்.

நாளைக்குப் போவேன். கொன்ஸ்ரன்ஸைக் கூட வரச் சொல்லிக் கேட்பேன். இதை இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. கண்ணாடியை மட்டும் கொண்டுபோக மாட்டேன். அங்கே கிடப்பவர் நீங்களில்லை என்றால், வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு அது வேண்டுமே.

உங்கள்
மனைவி