வடசுவரில் ஒரு முகம்

மார்ச் 4, திங்கள்

மாவிஸ் மறுபடியும் பூவாளியை ஆலயத்தின் சுவர்த்தொட்டிக்குள் வைத்திருக்கிறாள். பதினான்காம் நூற்றாண்டில் குருமார் திருவிருந்துக் கிண்ணம் கழுவ வெட்டிய தொட்டி. எடுத்து வெளியே வைத்தேன். இந்த ஆண்டில் ஒன்பதாவது முறை.

மார்ச் 10, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் தேநீர். ஆலயக் கையேட்டைத் திருத்தி அச்சிடப் போகிறார்களாம். பத்தொன்பது வருடமாக அது என் கையேடு. மாவிஸ் போதகர் அம்மாவிடம் சொல்கிறாள்: "வடசுவர்ல இருக்கிற கல்தலை அவ்வளவு பழசில்லைங்க. விக்டோரியா ராணி காலத்துல கூரையைப் பிரிச்சு வேலை பாத்தப்போ வெச்சது."

பூ அடுக்குகிறவள் எனக்குக் கல்லைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். அந்தத் தலை 1340ஆம் ஆண்டுடையது, பல்வலியில் வாய் கோணிய பிசாசு என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன்.

"நான் எழுதினது தப்புன்னா கையேட்டை நீங்களே எழுதிக்கலாம்" என்றேன். எல்லார் முன்னாலும். ஏன் வாயைக் கொடுத்தேன்?

"சரிங்க ஓல்ட்ராய்ட் வாத்தியாரே. வியாழக்கிழமை ஏணி வருது."

மார்ச் 12

தப்பாக இருக்க வழியே இல்லை.

மார்ச் 14, வியாழன்

ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டடத்தைச் சோதிக்க வருபவர் ஏறினார். தலையின் உச்சியில், கீழிருந்து தெரியாத இடத்தில் எழுத்து. தூசியைத் துடைத்து உரக்கப் படித்தார்: 'ஜோசப் ஓல்ட்ராய்ட், ஆலயக் காப்பாளர், 1874. நான் செதுக்கிய இருபது நாளும் கீழே நின்று குறை சொன்னவர்.'

என் எள்ளுத்தாத்தா.

மாவிஸ் கல்தலையை அண்ணாந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, "அதான், எங்கேயோ பாத்த முகமா இருக்கேன்னு நெனச்சேன்."

போதகர் அம்மா நீளமாக இருமினார். அது இருமலா?

மார்ச் 15

ஐந்நூறு வருடம் பிசகியிருக்கிறேன், அதுவும் சொந்த வீட்டு ஆள் விஷயத்தில். பிசாசு என்று வேறு.

கண்ணாடியைப் பார்க்காமல் சவரம் செய்ததில் கன்னத்தில் வெட்டு.

மார்ச் 20

மாவிஸ் தான் எழுதும் கையேட்டின் கையெழுத்துப் பிரதியோடு வந்தாள். "ஜோசப்பைப் பத்தி உங்க வீட்ல என்ன சொல்வாங்க? அது இல்லாம எழுத முடியல."

சொன்னேன். இரண்டு கோப்பைத் தேநீர் ஆயிற்று. அவள் எழுதியதில் பதினோரு குறை கண்டேன். "நாலு சரிதான்" என்றாள். என் கணக்கில் ஏழு.

ஏப்ரல் 28, ஞாயிறு

கையேடு வந்துவிட்டது. இரண்டு பெயரும் இருக்கின்றன, அவளுடையது முதலில். அட்டைப் படத்தில் கல்தலை. அதன் நேர்கீழே நான். சிரிக்கச் சொன்னாள். மேலே இருப்பவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

சுவர்த்தொட்டியில் பூவாளி. பாதிதான் தண்ணீர் இருந்தது. நிரப்பி அங்கேயே வைத்தேன்.