வேலையை விட்டுவிட்டேன் என்று ஊரில் சொல்லிவிட்டேன், மச்சான்

என்னை ஒரு நாளும் சும்மா உட்கார விடாத என் மச்சான் ஏழுமலைக்கு,

அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். அங்கேயாவது ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கிறாயா என்றுதான் கேட்க வேண்டும். எனக்கு இங்கே உட்கார முடியவில்லை. நடுநடுவே எழுந்து வாசலுக்குப் போய் ஏரியைப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். "இன்னாயா, தேள் கொட்டினவன் மாதிரி உள்ளுக்கும் வெளிக்கும் நடந்துக்கினு கீற" என்று உன் தங்கச்சி மல்லிகா சமையலறையிலிருந்து கேட்கிறாள். அவளுக்கும் காரணம் தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, கம்பெனி வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் விடவில்லை மச்சான். என் அடையாள அட்டை இதோ ஆணியில் தொங்குகிறது. நேற்று லீவு போட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன், யூனிபார்மோடு யாராவது பார்த்துத் தொலைத்தால் என்ன செய்வது?

இதெல்லாம் உன்னால்தான். பொன்னேரியில் ரயில் ஏறியதும் போனைத் திறப்பாய். அனுப்பம்பட்டு வருவதற்குள் போன மாசச் செலவு முழுக்க அதில் ஏறியிருக்கும். மீஞ்சூரில் இறங்குவதற்குள் எனக்குத் திட்டு விழுந்து முடிந்திருக்கும். "மாப்ளே, இந்த மாசம் பிரியாணிக்கு இவ்ளோவா? நீ வயித்த ரிட்டயர் பண்ணு மொதல்ல" என்பாய். நாற்பத்தைந்து வயதில் இரண்டு பேரும் வேலையை நிறுத்துகிறோம், மிச்சக் காலம் ஏரியில் நம் இஷ்டத்துக்குப் போகிறோம், அதுதான் திட்டம். வருஷச் செலவைப் போல இத்தனை மடங்கு சேர்ந்தால் போதும் என்று எங்கேயோ வீடியோவில் பார்த்துவிட்டு வந்து, உனக்கு ஒரு பட்டியல், எனக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தாய். சேமிப்பு மட்டுமா? சர்க்கரையைக் குறைப்பது, மல்லிகாவைத் திருப்பதிக்குக் கூட்டிப் போவது, மறந்துபோன வலைவேலையைத் திரும்பக் கற்றுக்கொள்வது என்று அதற்கும் தனிக் கட்டங்கள். முடித்தது பச்சை, முடிக்காதது சிவப்பு.

ஏரிக்குப் போகலாம் என்றால் நாமே நினைத்தபடி போய்விட முடியாது என்பதும் உனக்குத் தெரியும். நல்ல இறால் ஓடுகிற இடங்களில் வலை கட்ட ஊர் முறை வைத்திருக்கிறது. சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று பிரிப்பார்கள். அதைத்தான் பாடு என்கிறோம். மாசச் சம்பளம் வாங்குகிறவனுக்குப் பாடு கிடையாது. ஏரியை விட்டால் வேறு சோறு இல்லாதவனுக்குத்தான் அது. நாம் கம்பெனியில் சேர்ந்த அன்றே நம் பேரையும் எடுத்துவிட்டார்கள், ஊர் வரி மட்டும் விடாமல் கட்டி வந்தோம். திரும்பப் பேரைச் சேர்க்க வேண்டுமானால் புதுச் சீட்டுக் குலுக்கும் கூட்டத்தில்தான் முடியும். அது போனால் இன்னும் சில வருஷம் காத்திருக்க வேண்டும்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. மார்பு வலிக்கிறது என்று சொல்லாமல் கேஸ் டிரபிள் என்று சொல்லி சோடா வாங்கிக் குடித்தாயே, அது ஏன்? டாக்டர் செலவுக்கு அந்த மாசம் கட்டம் இல்லை என்றா? மல்லிகா அப்படித்தான் நினைக்கிறாள். நான் அப்படி இல்லை என்று அவளிடம் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் எனக்கும் தெரியாது மச்சான்.

இந்த வருஷம் என் பட்டியல் பச்சை ஆனது. நாம் வைத்த தொகையைத் தொட்டுவிட்டேன். அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? உடனே ஒரு கட்டம் கூட்டினேன், ‘எதிர்பாராதது’ என்று. திரும்பச் சிவப்பு. அதையும் கட்டி முடித்தேன். அப்புறம் ‘விலைவாசி’. அப்புறம் ‘மல்லிகா முட்டி ஆபரேஷன்’. அவளுக்கு முட்டியில் ஒன்றும் இல்லை, ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறாள். போனைப் பார்த்துக்கொண்டே மீஞ்சூரைத் தாண்டி நந்தியம்பாக்கத்தில் போய் இறங்கியிருக்கிறேன். கம்பெனிக் கழிப்பறையில் உட்கார்ந்துகூடப் பார்ப்பேன். பணம் சேர்க்கும்போது இருந்த நிம்மதி சேர்ந்த பிறகு இல்லை. இது என்ன சாபம்?

உன் வீட்டுச் செய்தியும் சொல்ல வேண்டும். கோபப்படாதே, நான் உனக்கும் சேர்த்துக் கோபப்பட்டு முடித்துவிட்டேன். நீ சேர்த்து வைத்ததை உன் பெண்டாட்டி சுமதி மொத்தமாக எடுத்துவிட்டாள். அதில் மீன்பிடிக்க ஒரு ஃபைபர் போட்டும் வலையும் வாங்கினாள். எடுப்பதற்கு எங்கே கையெழுத்துப் போடணும் என்று கேட்கத்தான் என்னிடம் வந்தாள், எடுக்கலாமா என்று கேட்க இல்லை. நான் எகிறிக் குதித்தேன். இப்போது தொடக்கூடாது, இன்னும் வளரும், ஏழுமலை போட்ட கணக்குப்படி இன்னும் கொஞ்ச வருஷம் பொறு என்று வரைபடமெல்லாம் காட்டினேன்.

அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "அண்ணா, உன் மச்சான் வேலைய உட்டு ரெண்டு வருசம் ஆச்சு. இன்னும் யாருக்கோசரம் வளக்கணும்ன்ற?" என்றாள்.

கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிக் கொடுத்தேன்.

போட்டில் கூலிக்கு இரண்டு ஆளை வைத்து அனுப்புகிறாள். ஆனால் பாடு இல்லாத இடத்தில் வலை போட்டால் என்ன கிடைக்கும்? டீசல் காசு தேறினால் பெரிசு. உன் மகள் அடுத்த வருஷம் காலேஜ் போக வேண்டும். அதனால் சுமதி என்னிடம் நேராகவே கேட்டாள். "போட் என்னுது, வலை என்னுது. நீ வேலைய உட்டா பாடு உன் பேர்ல வரும். பங்கு ஊர் வழக்கப்படி பிரிச்சிக்கலாம். எப்படியும் உடத்தான போற?" என்றாள். நான் பார்க்கலாம் என்றேன். "நீ இன்னும் எத்தினி நாளைக்குப் பாப்ப?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு முன்னால் புதுச் சீட்டுக் குலுக்கும் கூட்டம். நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன், சத்தியமாக. தலைவர் கன்னியப்பன் பேர்களைப் படித்து முடித்தார். பெண்கள் நிற்கும் பக்கத்திலிருந்து சுமதி முன்னால் வந்து, ஏழுமலை பேரில் ஒரு சீட்டுப் போடுங்கள் என்றாள்.

"செத்தவன் பேர்ல பாடு போடுற வழக்கம் இல்லம்மா" என்றார் தலைவர், தன்மையாகத்தான்.

"அப்ப என் பேர்ல போடு. வரி நான்தான கட்றேன்?"

எவனோ பின்னாலிருந்து சிரித்தான். "அப்ப நாளைக்கி நாங்க வூட்ல கொயம்பு வெக்கிறோம்" என்றான். அதற்கு இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். சுமதி திரும்பிப் பார்க்கவில்லை, அங்கேயே நின்றாள். உன் மனைவி மச்சான், நடுக்கூட்டத்தில் தனியாக. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. எழுந்துவிட்டேன்.

"என் பேரைப் போடு" என்றேன்.

"நீ கம்பெனிக்காரனாச்சே தயாளா. வேலைய உட்டுட்டியா?"

"உட்டுட்டேன்."

"எப்ப?"

"போன வாரம்."

எங்கிருந்து வந்தது அந்தப் போன வாரம்? எனக்கே தெரியாது. சீட்டை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். முகத்துவாரத்துப் பக்கம், நல்ல இடம். முதல் முறையே வருகிற புதன்கிழமை. "பொய்னு தெரிஞ்சா பாடும் போய்டும், அபராதமும் கட்டணும்" என்று தலைவர் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வதுபோல என்னைப் பார்த்துச் சொன்னார். சுமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மல்லிகாவும் அங்கேதான் நின்றிருந்தாள். வீடு வந்து கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள், "போன வாரமே உட்டுட்டு, இந்த வாரம் டிபன் பாக்ஸ எட்த்துக்கினு எங்க போய்ட்டு வந்த?"

மன்னிப்புக் கேட்டேன். நாளைக்கே போய் தலைவரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அபராதத்தைக் கட்டிவிடுகிறேன் என்றேன். இன்னும் ஒரு வருஷம் வேலை பார்த்தால் தொகை இவ்வளவு ஆகும் என்று போனை எடுத்தேன். அதைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டாள்.

"எனக்கு சொல்லாம ஊருக்கு சொன்ன பாரு, அதுக்குத்தான் கோவம். நீ வேலைய உடுறதுல எனக்கு இன்னா பயம்? கஞ்சி குடிச்சவதான நான்? எங்க அண்ணன் மாதிரி நீயும் எண்ணிக்கினே இருந்து ஒரு நாள் போய்ட்டின்னா, அதான் எனக்கு பயம். உன்ன காலைல ரயிலுக்கு அனுப்பிட்டு சாயந்திரம் வரைக்கும் அந்த பயத்தோடதான் கீறேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். இரண்டு வருஷமாக அவள் இப்படி இருந்திருக்கிறாள், நான் அவள் முட்டிக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்றைக்கு ஞாயிறு. மதியம் என் மகள் ராஜினாமா கடிதம் அடித்துக் கொடுத்தாள். காரணம் என்ன போட வேண்டும் என்று கேட்டாள். சொந்தக் காரணம் என்று போடு என்றேன். "ஏரிக்குப் போறாருன்னு போடுடி, திருடவா போறாரு?" என்றாள் மல்லிகா. அப்படியே போட்டாயிற்று. நோட்டீஸ் காலம் ஒரு மாசம் உண்டு, அது முடியும்வரை நான் சம்பளக்காரன்தான், புதன்கிழமை வலையைத் தொட முடியாது. அதனால் அந்த ஒரு மாசச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு நாளையே விடுவியுங்கள் என்று கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். நீ இருந்திருந்தால் என்னை அடித்திருப்பாய்.

பயமாக இருக்கிறது மச்சான், மறைக்க ஒன்றுமில்லை. என் மகள் படிப்பு முடியவில்லை. எனக்கு வலை கட்டிப் பழக்கம் விட்டுப் பல வருஷம் ஆகிறது, உள்ளங்கை பூப்போல ஆகிவிட்டது. இறால் வராமல் போனால்? சுமதி போட்டை என்னை நம்பி வைத்து நஷ்டப்பட்டால்? மேனேஜர், இரு தயாளன், கொஞ்சம் கூட்டித் தருகிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டால் நான் உட்கார்ந்துவிடுவேனா? அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது. மேனேஜர் கூப்பிட்டால் உட்காருகிற பழக்கம் எனக்கு நன்றாக இருக்கிறது.

உட்கார மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. நாளைக் காலை அந்தக் காகிதத்தை அவர் மேஜைமேல் வைப்பேன், நின்றபடியே வைப்பேன், வாசலுக்கு வந்துவிடுவேன். புதன்கிழமை சுமதியின் போட்டில் என் பேருக்கு விழுந்த இடத்தில் வலை கட்டுவேன். உன் மகள் காலேஜ் சேரும் வரைக்கும் ஒரு முறையும் தவற விடமாட்டேன்.

கம்பெனியில் உன் இடத்துக்கு வேறு ஆள் போட்டு, உன் லாக்கரைத் திறந்து, சாமானைப் பையில் கட்டிக் கொடுத்தார்கள். போகிறேன் என்று அவர்களிடம் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை மச்சான், சொல்ல உனக்கு நேரம் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்திருக்கிறது. நாளைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி புருஷன், இனிமேல் உன் வீட்டுப் போட்டில் பங்குக்கு வலை இழுக்கப் போகிற மாப்பிள்ளை
தயாளன்