கிணற்றடியில் மூட்டிய அடுப்பு

என் பரமேஸ் அக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு மாதம் தாண்டிவிட்டது. உங்கள் வாசல் படலையைத் திறக்கும்போது இன்னமும் உங்களைக் கூப்பிடத்தான் வாய் வருகிறது. மறுமொழி சொல்ல நீங்கள் இல்லாத வீட்டுக்குள் நான் எப்படி நுழைவது?

குருநகரில் ஷெல் குண்டு விழுந்து, நாங்கள் உங்கள் ஊர்ச் சைவப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்த அன்று எங்களோடு முதலில் கதைத்தது நீங்கள்தான். உங்கள் மாதர் சங்கமும் எங்கள் தேவாலயப் பங்குச் சனமும் சேர்ந்து அங்கே ஒரு சின்ன மருந்தகம் தொடங்கியதும் உங்களால்தான். சாவகச்சேரியிலிருந்து டாக்குத்தர் வந்தார், மருந்து வந்தது, சத்துமா வந்தது. ஆனாலும் பிள்ளை பெற்ற என் மகள் றெஜினா எதிலும் வாய் வைக்கவில்லை. அவளுக்குப் பால் வற்றியது. பேரன் அழுது அழுது குரலும் அடங்கிப்போனான்.

என்ன வேண்டும் என்று அவளிடம் கேட்டீர்கள். தயங்கித் தயங்கிப் பால்சுறா என்றாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க எங்கள் கடற்கரைப் பக்கத்தில் அந்த மீனைத்தான் காய்ச்சிக் கொடுப்போம். கோயில் மதிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் மீன் சமைப்பதா என்று நான் அவளை அதட்டினேன்.

"நீ பேசாமல் இரு. என்ரை கிணத்தடியிலை அடுப்பை மூட்டு. பிறகு நான் முழுகிறன்" என்றீர்கள்.

முட்டைகூட நுழையாத வீடு உங்களுடையது. உங்கள் கணவரை, நான் அண்ணை என்று கூப்பிடும் அந்த அப்பாவி மனுசனை, சந்தைக்கு அனுப்பினீர்கள். அவர் மீன் வாங்கியது வாழ்க்கையில் அன்றுதான். மறைத்துக் கொண்டுவர வேண்டும் என்றுகூடத் தெரியாமல், வாழைக்குலை மாதிரிச் சுறாவைச் சைக்கிளில் தொங்கவிட்டு, கோயில் வீதியாலேயே வந்து இறங்கினார். ஊரே பார்த்தது. நீங்கள் தலையில் கை வைத்தீர்கள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. அண்ணையின் தங்கை, உங்கள் மச்சாள், அன்றிலிருந்து உங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. கோயிலுக்குப் பூ கட்ட இனி வரவேண்டாம் என்றும் உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். நீங்களோ மிளகும் சீரகமும் அரைத்துத் தந்துவிட்டு, எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். றெஜினா சாப்பிட்டாள். பால் சுரந்தது. அவளுக்குப் பிறகு பெற்ற எங்கள் பெண்களுக்கும் அதே அடுப்பில்தான் சமைத்தோம்.

உங்களுக்குத் தேவைப்பட்டது சீனி வருத்தத்துக்கான இன்சுலின் ஊசிமருந்து. சண்டையால் பாதை பூட்டிக் கிடந்ததால் மருந்தகத்தாலும் அதை எடுக்க முடியவில்லை. எனக்கு ஆத்திரம் ஆறவில்லை அக்கா. எங்கள் பிள்ளைகளைப் பிழைக்க வைத்த உங்களுக்கு ஒரு சின்னப் போத்தல் மருந்து இல்லாமற் போனதே, இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அதைத் தொட எனக்குத் துணிவில்லை. மறுநாள் உங்கள் மச்சாள் ஒரு கட்டு விறகோடு வந்தார். பள்ளிக்கூடத்தில் இன்னொருத்திக்குப் பிள்ளை பிறந்ததை அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நெருப்பை நான் மூட்டித் தாறன். மீனை நீ பார்" என்றார்.

புகை எழும்பியதும் அண்ணை கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து அழுதார். நானும் அழுதேன். உங்கள் மச்சாள் கிணற்றில் ஒரு வாளி அள்ளி, கை நிறைய ஏந்திக் குடித்தார். இதைப் பார்க்க நீங்கள் இருந்திருக்கக் கூடாதா?

நாளைக்கே நாங்கள் குருநகருக்குத் திரும்பினாலும், இங்கே பிள்ளை பெற்று வாடிக் கிடப்பவளுக்கு நானே சுறா கொண்டுவருவேன். உங்கள் விரத நாளான வெள்ளிக்கிழமையில் கொண்டுவர மாட்டேன். சாக்கில் நன்றாகச் சுற்றித்தான் கொண்டுவருவேன், அக்கா.

உங்களோடு கூடப்பிறக்காத தங்கச்சி,
றெஜினாவின் அம்மா